பலகையில் பூட்டிய கால்

என் அறைக்கூட்டாளியிடம் இரண்டு பொய்க்கால்கள் இருந்தன. இரண்டும் வலது காலுக்குத்தான். முழங்காலுக்குக் கீழே உள்ளதைக் கண்ணிவெடி கொண்டுபோய்விட்டது. ஒரு பொய்க்கால் பலெர்மோவில் ஆஸ்பத்திரி மூலம் கிடைத்தது. கறுப்பு, பாரமில்லாதது, பார்த்தால் சைக்கிளில் இருந்து கழற்றிய சாமான் மாதிரி இருக்கும். மற்றது வன்னியில் ஒரு பட்டறையில் செய்தது. அலுமினியத் தண்டு, ரப்பர்ப் பாதம், தொடையில் இறுக்கிக் கட்ட ஒரு தோல்வார். அந்த ரப்பர்ப் பாதத்துக்கு விரல்கள் இருந்தன. செய்தவன் விரல்களுக்கு நகம்கூடக் கீறியிருந்தான். யார் அதைப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துக் கீறினானோ தெரியாது.

"சமதரைக்கு இத்தாலிக்காரன், படிக்கு வன்னிக்காரன்" என்பான் இவன். பலெர்மோவில் எங்களைப் போன்றவர்களுக்கு லிப்ட் உள்ள வீட்டில் வேலை கிடைப்பதில்லை. ஆகவே அவன் கூடுதலாக வன்னிக்காரனோடுதான் திரிந்தான்.

அவனையும் இங்கே சனம் வன்னிக்காரன் என்றுதான் சொல்லும், முகத்துக்கு நேரே என்றால். முதுகுக்குப் பின்னால் சொல்வது வேறு. அவன் பிறந்தது தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசைவீட்டில், லயத்தில். குழந்தையாக இருந்தபோது ஒரு கலவரத்தில் லயம் எரிந்தது. தாயும் தகப்பனும் அவனைத் தூக்கிக்கொண்டு வடக்கே வந்து, யாழ்ப்பாணத்து ஆள் ஒருவரின் வன்னிக் காணியில் காவலுக்குக் குந்தினார்கள். காணி அவருடையது, கிணறு அவருடையது, பாம்பு மட்டும் பொது. வளர்ந்தபின் இயக்கத்துக்குப் போனான். ஏன் போனாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"வீட்டுக்கொரு ஆள் வரோணும் எண்டு சொன்னவை. காணிக்காரன்ரை பெடியள் கனடாவிலை. பிறகு ஆர் மிச்சம்?"

போரைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் வேலையைப் பற்றித்தான். பதுங்குகுழி வெட்டினான். அரிசி மூட்டை சுமந்தான். காயப்பட்டவர்களையும் செத்தவர்களையும் சுமந்தான். "சுட்டதை விடத் தோண்டினதுதான் கூட மச்சான்" என்பான். கால் போனதும் சண்டையில் இல்லை. சமையலுக்கு விறகு பொறுக்கப் போன இடத்தில். அதற்குப் பிறகும் அவனை விடவில்லை, குசினியில் கதிரை போட்டு இருத்தி வெங்காயம் உரிக்க வைத்தார்கள். எல்லாம் முடிந்து முகாமில் கிடந்து வெளியே வந்து, எப்படியோ இத்தாலிக்கு வந்து சேர்ந்தான்.

நான் எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். ஒரு இடத்தில் இருந்தால் எனக்குக் கால் உளையும். டோஹா, இஸ்தான்புல், ஏதென்ஸ், பாரி என்று இழுபட்டு, பலெர்மோவில் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் அவன் வைத்திருந்த அறையில் பாதிக்கு வந்து சேர்ந்தேன். ஈரம் ஊறிய சுவர், கீழே மீன் கழுவிய தண்ணீர் ஓடும் வாய்க்கால். அதற்கு முன் இதைவிட மோசமான இடங்களில் இருந்திருக்கிறேன். சுவரைச் சுரண்டினால் விழும் சுண்ணாம்பைப் பார்த்து எனக்கு அருவருப்பு வந்ததில்லை. அருவருப்பு எனக்கு வந்தது வேறு இடத்தில்.

அவன் வேலை செய்தது போர்கோ வெக்கியோ என்ற பகுதியில், மூன்றாம் மாடியில். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்ந்த ஒரு கிழவர். இடுப்புக்குக் கீழே இயங்காது. அவரைத் தூக்கி இருத்துவது, கழுவுவது, ஊட்டுவது எல்லாம் இவன். இரண்டு கால் உள்ளவரை ஒரு கால் உள்ளவன் தூக்கினான். கிழவரின் மகளுக்கு, அந்த சிஞ்ஞோராவுக்கு, இவனுடைய ஒரு கால் பொய் என்று தெரியாது. நீளக் காற்சட்டை, கனத்த சப்பாத்து, கொஞ்சம் நொண்டல். பழைய வாதம் என்று சொல்லி வைத்திருந்தான். தெரிந்தால் எந்த மகள் தகப்பனை இவன் கையில் கொடுப்பாள்?

அவ்வளவு காலமும் பதிவில்லாத வேலை. அந்த நவம்பரில் பெர்மெஸ்ஸோ, நாட்டில் தங்கும் அனுமதி, முடிகிறது. புதுப்பிக்க குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் கந்தோருக்கு, வேலை ஒப்பந்தம் வேண்டும். இவன் கெஞ்சிக் கெஞ்சி, சிஞ்ஞோரா கடைசியில் சம்மதித்தாள். திங்கட்கிழமை காலையில் வீட்டுக்குக் கணக்காளர் வருவார், அன்றைக்குக் கையெழுத்து. "நீ வராவிட்டால் என் மைத்துனிக்குத் தெரிந்த ஒரு ருமேனியாக்காரி இருக்கிறாள்" என்றும் சொல்லி வைத்தாள். அதைச் சொன்னபோது சிரித்தாளாம். அவன் அதையும் சிரித்துக்கொண்டுதான் எனக்குச் சொன்னான்.

அந்தத் திங்களுக்கு முந்திய ஞாயிறுதான் இங்குள்ள தமிழ்ச் சங்கம் செய்யும் மாவீரர் நினைவு நாள்.

சங்கம் என்றால் எங்கள் ஆட்கள்தான். கிழமை நாட்களில் வெள்ளைக்காரன் வீட்டுக் கக்கூசு கழுவிவிட்டு ஞாயிற்றுக்கிழமையில் கோட்டுப் போடுகிறவர்கள். கக்கூசு கழுவுவதில் பிழையில்லை, நானும் கழுவுகிறேன். கோட்டுப் போட்டதும் வேறு ஆளாகிவிடுவதுதான் எனக்குப் பிடிக்காது. தலைவர் எங்கே யாரைப் புதிதாகக் கண்டாலும் முதலில் கேட்பது, "தம்பி ஊரிலை எந்த இடம்?" இடத்தைச் சொன்னால், "அங்கை எந்தப் பக்கம்?" பக்கத்தைச் சொன்னால், "ஆரின்ரை பகுதி?" அதோடு ஆளை எந்தத் தட்டில் வைப்பது என்று அவருக்கு விளங்கிவிடும். என் கூட்டாளி முதல் கேள்வியிலேயே "நான் தோட்டம்" என்று சொல்லி மற்றக் கேள்விகளின் சிரமத்தை அவருக்குக் குறைத்திருந்தான். அதற்குப் பிறகு வருடக்கணக்காக அவர் இவனோடு கதைத்தது "ஆ" என்பது மட்டும்தான்.

கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் இவனுடைய ரப்பர் விரல்களை யாரோ கண்டு சொல்லியிருக்கிறார்கள். வியாழன் பின்னேரம் தலைவர் எங்கள் அறைக்கு ஏறி வந்தார். கையில் ஒரு பைக்கற் பிஸ்கற்று. நான் கதிரையைத் துடைத்துப் போட்டேன். இவன் தேத்தண்ணிக்கு எழும்பினான்.

"வேண்டாம் தம்பி, இப்பதான் குடிச்சிட்டு வாறன்."

எங்களைப் போன்றவர்களின் வீட்டுக்கு வரும்போது இவர்கள் எப்போதும் இப்போதுதான் குடித்துவிட்டு வருவார்கள். எத்தனை நாட்டில் கண்டிருக்கிறேன். அப்படி நாள் முழுக்கத் தேத்தண்ணி குடித்தால் மனுசனுக்கு மூத்திரம் நிற்காது.

நினைவு நாள் கண்காட்சி மேசையில் வைக்க அந்த வன்னிக் கால் வேண்டும் என்றார். "எங்கடை பிள்ளையள் இஞ்சை பிறந்து, போனும் பீட்சாவுமாத் திரியுதுகள். உண்மையான ஒண்டைக் கண்ணாலை காணோணும் தம்பி. ஞாயிறு ஒரு நாள்தான். பின்னேரமே கொண்டுவந்து தாறம்."

இத்தாலிக் கால் அப்போது திருத்த வேலைக்குப் போயிருந்தது. மிஞ்சிய கால் மெலிந்து, அதைச் செருகும் கிண்ணம் ஆடி, தோல் உரிந்து சீழ் வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே இவன் கணக்குப் போட்டான். வெள்ளி ஒரு நாள் கிழவரை மகளே பார்ப்பாள், சனி ஞாயிறு வேலையில்லை, திங்களுக்கு இத்தாலிக்காரன் வந்துவிடுவான். அப்படியே தொடைவாரை அவிழ்த்துக் காலைக் கழற்றிக் கொடுத்தான். தலைவர் அதை நேராகக் கையில் வாங்கவில்லை. கொண்டுவந்த பையை விரித்துப் பிடித்தார்.

அவர் படியிறங்கிப் போனதும் நான் ஏசினேன். "விசரோ உனக்கு? ஆரும் காலைக் கடன் குடுப்பானோ?"

"இவ்வளவு நாளும் வராத மனிசன் வந்து கேக்குது. என்னெண்டடா இல்லையெண்டுறது?" பிஸ்கற்றைப் பிரித்து எனக்கு நீட்டினான். நமுத்துப்போன பிஸ்கற்று.

வெள்ளிக்கிழமை நாடு முழுக்க வேலைநிறுத்தம். பொய்க்கால் திருத்தும் இடம் பூட்டு. சனி ஞாயிறு எப்படியும் பூட்டு. திங்கள் மத்தியானம் வா என்று போனில் சொன்னார்கள். கையெழுத்து திங்கள் காலை. அவன் கட்டிலில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஞாயிறு பின்னேரம் வன்னிக்காரன் வந்திடுவான்தானே." நான் தலைவருக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. மீண்டும் மீண்டும் எடுத்தேன். கூட்ட வேலை என்று நினைத்து, ஞாயிறு நானே போனேன்.

ஒரு கத்தோலிக்கக் கோயில்பற்றின் பின்மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வாசலில் ஊதுபத்திப் புகையும் றோல்ஸ் பொரித்த எண்ணெய் மணமும். உள்ளே மேடைக்குப் பக்கத்தில் மேசை, மேசையில் சிவப்புத் துணி, துணியில் கால். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். காலை மஞ்சள் தண்ணீரில் கழுவியிருந்தார்கள், ரப்பர் மஞ்சள் பிடித்துக் காமாலை வந்த பாதம் மாதிரி இருந்தது. பெருவிரலில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். தண்டைச் சுற்றிச் செவ்வந்தி மாலை. அது நிமிர்ந்து நிற்பதற்காகப் பாதத்தின் அடியில் இரண்டு திருகாணி அடித்து ஒரு பலகையில் பூட்டியிருந்தார்கள். தோல்வாரைக் காணவில்லை. அந்த இடத்தில் பட்டு நாடா.

பக்கத்தில் ஒரு அட்டை. களத்தில் வீழ்ந்த மாவீரன் ஒருவனின் கால் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பிறப்பிடம் என்று போட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு ஊர். பெரிய கோயிலும் பெரிய பள்ளிக்கூடமும் உள்ள ஊர். அந்த ஊரில்தான் தலைவரும் பிறந்தவர்.

சனம் வரிசையாக வந்து பூப்போட்டது. பெண்கள் விம்மினார்கள். ஒரு மனுசன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். கோயில் அன்னதானத்துக்கு என் கூட்டாளி மரக்கறி வெட்ட உட்கார்ந்தபோது, "நீர் வெளியிலை வாழையிலையைக் கழுவும்" என்று எழுப்பிவிட்டவர் அவர்தான். இப்போது இவனுடைய காலை, வேர்வையும் சீழும் ஊறிய காலை, கண்ணில் ஒற்றுகிறார். பெரிய பெட்டைகள் இரண்டு பேர் காலுக்கு இரண்டு பக்கமும் நின்று போனில் படம் எடுத்தார்கள். ஒருத்தி மற்றவளுக்கு இத்தாலியனில் "கி ஸ்கீஃபோ" என்று முணுமுணுத்தாள். என்ன அருவருப்பு என்று அர்த்தம். அந்த மண்டபத்தில் நான் கேட்ட ஒரே உண்மை அதுதான்.

தலைவரை மேடைக்குப் பின்னால் பிடித்தேன்.

"அண்ணை, கால் வேணும். ஆள் நாளைக்கு வேலைக்குப் போகோணும்."

"இப்பவோ? நிகழ்ச்சி நடக்குதெல்லே."

"முடிஞ்சாப்போலை கொண்டுபோறன்."

"அது கத்தானியாவுக்குப் போகுது தம்பி. அங்கத்தை ஆக்கள் வாகனத்தோடை வந்து நிக்கினம். அடுத்த கிழமை மிலானோ. பிறகு தருவம்."

"அண்ணை, அந்த ஆள் கட்டிலிலை குந்திக்கொண்டு இருக்குது. கால் இல்லாமல்."

"ஒரு நாளைக்கு லீவு எடுக்கச் சொல்லும்."

"நாளைக்குப் போகாட்டி வேலை போச்சு. வேலை போனால் பெர்மெஸ்ஸோ போச்சு."

அவர் என் தோளில் கை வைத்தார். கோட்டில் அத்தர் மணத்தது. "தம்பி, கொஞ்சம் பெரிசா யோசியும். அது இனி ஒரு ஆளின்ரை கால் இல்லை. அது எங்கடை வரலாறு."

"வரலாறோ? விறகு பொறுக்கப் போய்ப் போன கால் அண்ணை அது. ஆள் சாகவுமில்லை. நீங்கள் செத்த ஆள் எண்டு எழுதி வைச்சிருக்கிறியள்."

"ஷ்!" அவர் திரும்பிச் சனத்தைப் பார்த்தார். முகத்தில் உண்மையாகவே பயம் தெரிந்தது. "காலமையிலை இருந்து சனம் அழுகுது. இப்ப போய் ஆள் உயிரோடை எண்டு சொல்லச் சொல்லுறீரோ? அழுத சனத்துக்கு என்ன மரியாதை?"

பொய் சொன்னதற்கு வெட்கப்படாமல், அழுத கண்ணீர் வீணாகிவிடும் என்று பயந்தார் அவர். போய்ச் சுவரோரம் நின்றேன். பேச்சுகள் நடந்தன. மானம், குருதி, மண் என்று ஒவ்வொருவரும் கத்தினார்கள். பேசிய ஒருவரும் அந்த மண்ணில் ஒரு பதுங்குகுழியும் வெட்டாதவர்கள். முடிந்ததும் ஒலிவாங்கியில் அறிவித்தார்கள்: "பின்பக்கம் சிற்றுண்டி பரிமாறப்படும்."

சனம் எழும்பியது. கண்ணீரைத் துடைக்காமலே போனவர்களும் உண்டு. றோல்ஸ் முடிந்துவிடும் என்று தெரிந்த சனம், எல்லா வருடமும் முடிந்துவிடும். தலைவரும் கத்தானியா ஆட்களோடு சிற்றுண்டி வரிசையின் முன்னுக்குப் போனார். மேசைக்குக் காவல் ஒருவரும் இல்லை. விளக்கும் காலும் நானும்தான். நான் காலைப் பலகையோடு தூக்கினேன்.

முன்வாசலில் கத்தானியா ஆட்களின் வாகனம் நின்றது, குசினி வழியாகத்தான் வெளியே போகலாம். அங்கே மன்னார்ப் பக்கத்து அக்கா ஒருத்தி றோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் கரண்டி. என்னையும் பார்த்தாள், மாலையையும் பார்த்தாள்.

"எங்கையடா தூக்கிக்கொண்டு போறாய்?"

"ஆளிட்டைக் குடுக்க."

"அந்த நொண்டித் தம்பிதானே? போன கிழமை பல்லரோவிலை தக்காளிக்குப் பேரம் பேசிக்கொண்டு நிண்டது. இவையள் செத்த ஆள் எண்டு சொல்லுகினம். எனக்கு அப்பவே யோசினை, தக்காளி வாங்கினது ஆவியோ எண்டு." கறுப்புக் குப்பைப் பை ஒன்றை உதறி விரித்தாள். "உள்ளை வை. கெதியாப் போ. இந்தா, இதையும் கொண்டு போ." றோல்ஸைக் கடுதாசியில் சுற்றித் திணித்தாள். "சாப்பிட்டிருக்காது அது."

அந்த நாளில் நான் கண்ட ஒரே மனுசி.

பல்லரோவுக்குள்ளால் நடந்தேன். மத்தியானம் கடைகள் மூடும் நேரம். நிலம் முழுக்க நசிந்த கோவா இலையும் மீன் செதிலும். பை கிழிந்து மஞ்சள் விரல்கள் வெளியே வந்துவிட்டன. மீன்காரன் ஒருவன் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றவன் பாதத்தைக் கண்டான், பூவைக் கண்டான், தொப்பியைக் கழற்றினான். இந்த ஊர்க்காரனுக்குப் புனிதரின் எலும்பும் பல்லும் புதிதில்லை.

"எந்தப் புனிதருடையது?" என்று கேட்டான்.

"உயிரோடு இருக்கிற ஆளுடையது" என்றேன்.

"அப்படியென்றால் ஏன் மாலை?" என்று தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

அறையில் அவன் நான் விட்டுப்போன மாதிரியே இருந்தான். காலைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாடாவை உருவி எறிந்தான்.

"வார் எங்கை?"

"நாறினதெண்டு வெட்டி எறிஞ்சிட்டினம்போலை."

"பாதத்திலை ஓட்டை போட்டுட்டாங்கள் நாய்கள்." பிறகு ஓட்டையை விரலால் தடவிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "சனம் அழுததோ?"

எனக்கு எரிச்சல் வந்தது. "ஓம்."

"கனபேரோ?"

"ஓம்டா. அழுது முடிச்சு றோல்ஸ் தின்னுதுகள்."

"எந்த ஊர் எண்டு போட்டவங்கள்?"

சொன்னேன். அவன் சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பு மீறும்போதுதான் அவனுக்குத் தாய் தகப்பனின் லயத்துத் தமிழ் வரும். "டேய், அந்த ஊர்க்காரனோட காணிலதான்டா எங்கப்பா காவலுக்கு இருந்தாரு. எங்கம்மா கெணத்துக் கயித்தத் தொட்டதுக்கு அடிக்க வந்தானுங்க. இப்ப நான் அந்த ஊருலயே பொறந்துட்டேனா?"

அவனுக்கு அதில் ஒரு சந்தோசமும் இருந்தது. அதை நான் கண்டேன். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் அதிகம் அருவருப்பைத் தந்தது. அவன்மேல் இல்லை. வாழ்நாள் முழுக்க வாசலில் நிறுத்திவிட்டு, செத்தவனாக மட்டும் உள்ளே விட்டு, அதற்கும் ஒரு மனுசனைச் சந்தோசப்பட வைத்தவர்கள்மேல்.

போன் அடித்தது. தலைவர். இப்போது அவருக்கு எங்கள் இலக்கம் தெரிந்திருந்தது. காலைக் களவெடுத்த துரோகி என்று என்னைத் திட்டினார். கத்தானியா ஆட்களின் முன்னால் தலை குனிய வைத்துவிட்டேனாம். அவன் போனை வாங்கினான்.

"வணக்கம் அண்ணை. ஓம், நான்தான், கால்காரன். இல்லையண்ணை, தரேலாது. நான் செத்துப்போனனெல்லே, செத்த ஆளிட்டைக் கேக்கப்படாது." வைத்துவிட்டு றோல்ஸை எடுத்துக் கடித்தான். "உறைப்புக் காணாது" என்றான்.

மிச்ச வேலை இரண்டு பேருமாகச் செய்தோம். திருகாணியைக் கழற்றினேன். சந்தனத்தைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தோம், குங்குமம் போனது, மஞ்சள் போகவில்லை. என் இடுப்புப் பட்டியை வெட்டி வாராகக் கட்டினோம். அவன் எழும்பி நடந்து பார்த்தான். ஒவ்வொரு அடிக்கும் பாதத்து ஓட்டைகளுக்குள்ளால் காற்றுப் போய், மிதிபட்ட எலி மாதிரிக் கீச்சென்றது. பழந்துணியைத் திணித்தோம். கீச்சு கொஞ்சம் குறைந்தது. பலகையைக் கதவு காற்றுக்கு அடிக்காமல் இருக்கத் தடைக்கு வைத்தோம். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

திங்கள் காலை நான் காற்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு போர்கோ வெக்கியோவுக்கு அவனோடு போனேன். பட்டி அவன் தொடையில் இருந்தது. நான் கீழே நிற்க அவன் படியேறினான். சத்தம் மேலே போவது கேட்டது: சப்பாத்து, கீச்சு, சப்பாத்து, கீச்சு. இரண்டாம் மாடியில் நின்றது. வார் அவிழ்ந்துவிட்டதோ என்று நான் படியில் கால் வைத்தேன். பிறகு மீண்டும் தொடங்கியது. கதவு திறந்து மூடியது.

தெருவில் ஒருவன் ஆர்ட்டிச்சோக்குக் காய்கறிக் கட்டுகளை வண்டியில் இருந்து இறக்கிக்கொண்டிருந்தான். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். கணக்காளர் போல ஒருவர் பையோடு இறங்கிப் போனார். அதற்குப் பிறகும் நெடுநேரம் அவன் வரவில்லை. கிழவரைக் கழுவி உடுப்பு மாற்றிவிட்டுத்தான் வந்தான்.

"என்ன, போட்டாச்சோ?"

கடுதாசியைக் காட்டினான். கையெழுத்து இருந்தது.

"கால் விசயம்?"

"ஒண்டும் தெரியாது." படிக்கட்டில் குந்தி, வெட்டிய பட்டியைக் காற்சட்டைக்கு வெளியாலேயே இறுக்கினான். "சிஞ்ஞோரா ஒரு முறைப்பாடு மட்டும் சொன்னா."

"என்னவாம்?"

"சப்பாத்து கத்துதாம். அப்பாவுக்கு மத்தியானம் நித்திரை குழம்புமாம். நல்லது ஒரு சோடி வாங்கட்டாம்."

அவன் இத்தாலிக்காரனை எடுக்கப் போகும் பஸ்ஸுக்கு நடந்தான். நான் பின்னால், காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு. வழி முழுக்க அது கத்திக்கொண்டே வந்தது.